துருவும் களிம்பும்: செய்துகொண்ட முதுமை குறித்துச் சில குறிப்புகள்

காரைக்காலுக்குத் தெற்கே, திருமலைராயன்பட்டினத்தை அடுத்து அமைந்த சிற்றூர் போலகம். 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால் நிலப்பகுதியைச் சேர்ந்தது. காவிரிப்படுகை கடலைத் தொடும் இந்தக் கரையோரத்தில் ஒரு மிதிவண்டியை ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் துடைக்காமல் வாசலில் விட்டுவைத்தால் போதும், அதைப் பழையதாக்கும் வேலையைக் கடற்காற்று ஏற்றுக்கொள்ளும். காற்றில் வரும் உப்பு இரும்பின் மேல் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. அந்த மெல்லிய ஈரப்படலத்தில் இரும்பும் காற்றின் பிராணவாயுவும் கூடித் துருவாகின்றன. உப்பிலுள்ள குளோரைடு, துருவின் அடியிலும் புகுந்து அரிப்பை நிற்கவிடாமல் தொடரச் செய்கிறது. தஞ்சையில் ஐந்தாண்டு தாங்கும் மட்கார்டு கடலோரத்தில் இரண்டாண்டு தாங்காது என்று சைக்கிள் கடைக்காரர்கள் சொன்னால் அதில் வியப்படைய ஏதுமில்லை.

இப்படி ஓர் ஊர் முழுதும் தேங்காய் எண்ணெய்த் துணியோடு துருவை எதிர்த்துப் போராடிக் கொண்டிருக்க, உலகின் வேறு பகுதிகளில் சிலர் அதே துருவை விலை கொடுத்து, நேரம் செலவிட்டு வரவழைக்கிறார்கள். பழைய ராலே, ஹம்பர், பி.எஸ்.ஏ. வண்டிகளைத் தேடி வாங்கிச் செப்பனிடும் ஆர்வலர்களைச் சொல்கிறோம். அறுபது எழுபதாண்டு கண்ட வண்டியில் ஒரு பெல்லோ, கேரியரோ, மட்கார்டைத் தாங்கும் கம்பியோ காணாமற் போயிருக்கும். புதிதாக ஒன்றை வாங்கிப் பொருத்தினால், வாடிய மாலையில் காகிதப்பூவைச் செருகியது போல அது தனித்துத் தெரியும். ஆகவே புதிய உறுப்பை முதுமைப்படுத்துகிறார்கள்.

இதன் செய்முறை எளியது. உறுப்பின் மேலுள்ள மெருகுப்பூச்சையும் துத்தநாகப் பூச்சையும் முதலில் அகற்றிவிடுகிறார்கள். வெற்றிரும்பு வெளிப்பட்டதும் காடியும் உப்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த நீரைத் தெளித்து வெயிலில் வைக்கிறார்கள். சில நிமிடங்களிலேயே செம்மஞ்சள் நிறம் பூக்கத் தொடங்கும். விரும்பிய நிறம் வந்ததும் சோடா கரைத்த நீரில் கழுவி, உலர்த்தி, எண்ணெயோ மெழுகோ பூசினால் துரு அவ்வளவில் அடங்கும். பித்தளை உறுப்பாயின் மூடிய பெட்டிக்குள் அம்மோனியா ஆவியில் வைத்துக் கருமையேற்றுவார்கள். குரோமியம் மட்டும் அவ்வளவு எளிதில் வசப்படுவதில்லை. அது தானாகத் துருப்பிடிப்பதில்லை. குரோம் பூசிய பழைய ஹேண்டில்பாரில் நாம் காணும் துருப்புள்ளிகள், பூச்சிலுள்ள நுண்துளைகளின் வழியே அடியிலுள்ள எஃகிலிருந்து எழுந்து வந்தவை.

வெறும் பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிடலாம்தான். ஆனால் புதிய உலோகத்துக்குப் பழைய தோற்றம் தரும் இந்தத் தொழிலுக்கு நம் மண்ணில் இன்னொரு முகம் உண்டு. அது நம் கோயில்களின் செப்புத்திருமேனிகளைத் தொட்டது. சில இடங்களில் அவற்றை இழக்கவும் காரணமாயிற்று. மிதிவண்டியில் தொடங்கிய கேள்வியை அங்கே கொண்டு செல்வதே இக்கட்டுரையின் நோக்கம். உலோகத்தின் மேல் படியும் முதுமை உண்மையில் எதைச் சொல்கிறது?

பழமைக்கான ஆசை புதிதன்று. 1496இல் இளைஞரான மைக்கேலாஞ்சலோ உறங்கும் குபிட் என்னும் பளிங்குச் சிலையொன்றைச் செய்தார். மண்ணில் கிடந்த தொல்சிலை போலத் தோன்றுமாறு மாற்றப்பட்ட அது, ரோமில் கர்தினால் ரியாரியோவுக்குப் பழம்பொருள் என்றே விற்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டதும் கர்தினால் தரகரிடம் பணத்தைத் திரும்பப் பெற்றார். எனினும் அந்தச் சிற்பியை ரோமுக்கு அழைத்துக்கொண்டார். உலோகத்தைப் பொறுத்தவரை இதனினும் பழைய சான்று உண்டு. கிரேக்க அறிஞர் புளூட்டார்க் எழுதிய உரையாடல் ஒன்றில், டெல்ஃபியைக் காணவரும் பயணிகள் அங்குள்ள வெண்கலச் சிலைகளின் நீலச்சாயலைக் கண்டு வியக்கிறார்கள். இந்நிறம் பண்டைக் கம்மியர் கைவினையால் வந்ததா, அவ்விடத்துக் காற்றால் வந்ததா என்று வாதிடுகிறார்கள். செய்ததா, விளைந்ததா என்னும் அந்தக் கேள்விக்கு ஏறத்தாழ ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு வயது.

மேலைநாட்டார் வெண்கலத்தின் மேற்படலத்தை அழகென்று கொண்டனர். தமிழில் அதற்கு வழங்கும் சொல் வேறு மனநிலையைக் காட்டுகிறது. நாம் அதைக் களிம்பு என்கிறோம். சைவ சித்தாந்தம் உயிரோடு உடன்பிறந்த ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமைகளுள் நெல்லுக்கு உமியோடு செம்புக்குக் களிம்பும் ஒன்று. களிம்பு நீக்கப்பட வேண்டிய மாசு. அது நீங்கிய செம்பே பொன்போல் ஒளிரும் என்பது அம்மரபின் பார்வை. வீட்டில் பித்தளைக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் கையும் இதே தத்துவத்தைத்தான் பின்பற்றுகிறது. ஒருவேளை தத்துவம் அந்தக் கையிடமிருந்து கற்றுக்கொண்டதாகவும் இருக்கலாம்.

ஆகவே வழிபாட்டில் தொடர்ந்து இருந்துவரும் உலாத்திருமேனிக்குப் பச்சை நிறம் கிடையாது. பாலும் தயிரும் தேனும் சந்தனமும் ஆட்டப்பெற்று, துலக்கப்பெற்று, துணியால் ஒற்றியெடுக்கப்பெற்று அது மின்னிக்கொண்டிருக்கும். அதன் வயதைக் காண வேண்டுமானால் வேறிடத்தில் பார்க்க வேண்டும். மூக்கின் கூர்மை மழுங்கியிருக்கும். அணிகலன்களின் நுண்வேலை தேய்ந்து வழவழப்பாகியிருக்கும். சில திருமேனிகளில் கண்ணும் இதழும் அடையாளம் தெரியாத அளவுக்குத் தேய்ந்தமையால் பிற்காலத்தில் மீண்டும் உளியால் கீறப்பட்டிருப்பதையும் காணலாம். நூற்றாண்டுகளின் கைகள் செய்த வேலை அது. ரோமில் புனித பேதுருவின் வெண்கலச் சிலைக்கு வலப்பாதம் தேய்ந்திருப்பது அடியார்களின் முத்தத்தாலும் தொடுகையாலும். தில்லி மெஹ்ரோலியின் இரும்புத்தூணை 1997இல் வேலியிட்டுக் காக்கும்வரை, மக்கள் முதுகுசாய்த்துக் கைகளால் பின்புறமாகக் கட்டிப்பிடித்துப் பார்ப்பது வழக்கம். உடல்கள் உராய்ந்த அந்த உயரத்தில் மட்டும் தூண் மெருகேறி நிற்கிறது.

இப்போது மிதிவண்டிக்குத் திரும்பினால் அங்கும் இதே நியதி இருப்பதைக் காணலாம். நாள்தோறும் ஓட்டப்பட்ட பழைய வண்டி துருவால் மூடப்பட்டதாக இருப்பதில்லை. உள்ளங்கை படும் இடத்தில் ஹேண்டில்பாரும், விரல் இழுக்கும் இடத்தில் பிரேக் பிடியும், செருப்புக் கால் மிதிக்கும் இடத்தில் பெடலும் தேய்ந்து பளபளக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை கழுவி, எண்ணெயிட்டு, சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்ட வண்டி அது. துரு எங்கே இருக்கும் எனில் கை எட்டாத இடங்களில்: மட்கார்டின் உட்புறம், ரிம்மில் கம்பிகள் நுழையும் துளைகள், சீட்டுக்கு அடியிலுள்ள இறுக்கிகள். முழு உடலும் ஒரே சீராகத் துருவேறி நிற்கும் வண்டி பழைய வண்டி என்பதைவிட, கைவிடப்பட்ட வண்டி என்பதே பொருந்தும்.

இந்த வேறுபாடுதான் நம் கட்டுரையின் மையம். உழைத்த பொருளின் முதுமை வேறு; கிடந்த பொருளின் முதுமை வேறு. காடியும் உப்பும் கொண்டு செய்யப்படுவது இரண்டாவது வகை. அது பயன்பாட்டை நடிக்கவில்லை; கைவிடப்பட்டமையை நடிக்கிறது.

செப்புத்திருமேனிகளின் பச்சைக்கும் இதே பொருள்தான். அது மண்ணுக்குள் இருந்ததற்கான அடையாளம். 1311இல் மாலிக் காபூரின் படையெடுப்பை ஒட்டியும், பிற்காலப் போர்களின்போதும், கோயிற்பணியாளர்கள் திருமேனிகளைப் புதைத்துக் காத்தனர். புதைத்த இடம் அறிந்தவர்கள் மறைந்துபோக, அவை மண்ணிலேயே தங்கின. அங்கே செம்பு மெல்ல மாறியது. உலோகத்தை ஒட்டிச் செந்நிறக் குப்ரைட்டும் அதன்மேல் பச்சை நிற மாலகைட்டும் அடுக்கடுக்காக வளர்ந்தன. உப்புமண்ணில் கிடந்தவற்றுக்கு ஆபத்து அதிகம். குளோரைடு உள்ளே தங்கிவிட்டால், வெளியே எடுத்தபின் ஈரக்காற்றுப் பட்டதும் வெளிர்பச்சைத் தூளாக உதிரும் நோய் தொடங்கிவிடும். இதனை வெண்கல நோய் என்றே அழைக்கின்றனர். 1930இல் சென்னை அரசு அருங்காட்சியகத்தில் தொடங்கப்பட்ட வேதியியல் பாதுகாப்புக்கூடம் தன் தொடக்க ஆண்டுகளில் மின்பகுப்பு முறையால் செப்புத்திருமேனிகளைக் காக்க முனைந்தது இத்தகைய அரிப்பை எதிர்த்துத்தான்.

போலகத்தை அடுத்த திருமலைராயன்பட்டினத்துக்கு ஒரு கதை உண்டு. அரசவையில் எமகண்டம் பாடி வென்றும் உரிய மதிப்புப் பெறாத காளமேகப் புலவர், ஊர் மண்மாரியில் மூழ்குமாறு வசைபாடிச் சென்றார் என்பது அது. கதையை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் கடலும் ஆறும் மணலைக் குவித்துக்கொண்டே இருக்கும் இப்படுகையில், மண் மூடுவது ஒரு சாபம் என்ற உணர்வு மக்களிடம் இருந்தது என்பதற்கு அது சான்று. மண்ணுக்குள் போனதன் நிறத்தை யாரும் இங்கே மகுடமாக எண்ணவில்லை.

அந்த நிறத்தை மகுடமாக்கியது சந்தை. இருபதாம் நூற்றாண்டில் சோழர் செப்புத்திருமேனிகள் உலகக் கலைச்சந்தையில் உயர்விலைக்குப் போகத் தொடங்கியபின், பச்சை என்பது பழமைக்கான சான்றிதழ் போல ஆயிற்று. சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் மெழுகில் உருவம் சமைத்து, காவிரியின் வண்டல்மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, உலோகம் வார்த்துத் திருமேனி செய்கிறார்கள். வழிபாட்டுக்குச் செல்வது பொன்னிறமாகவே செல்லும். அலங்காரப் பொருளாக வாங்குவோர் சிலர் பழைய சாயலைக் கேட்கிறார்கள். கடைகளில் அதற்கு ஆன்டிக் ஃபினிஷ் என்று பெயர். அமிலங்களாலும் நவச்சாரம் போன்ற உப்புகளாலும் பச்சையும் கருமையும் ஏற்றலாம். வெளிப்படையாகச் சொல்லி விற்கும்வரை இதில் குற்றமேதுமில்லை. மிதிவண்டி ஆர்வலர் செய்வதும் இதுவே. வாங்குபவர் அறியாதபோதுதான் நிறம் பொய்ச்சாட்சியாக மாறுகிறது.

அந்தப் பொய் எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்குச் சிவபுரம் நடராசரை விடச் சிறந்த சான்றில்லை. கும்பகோணத்தை அடுத்த சிவபுரத்தில் 1951இல் நிலத்தைத் தோண்டும்போது நடராசரும் வேறு சில திருமேனிகளும் கிடைத்தன. அவை ஊர்க்கோயிலில் சேர்க்கப்பட்டன. 1954இல் பழுது பார்ப்பதற்காக நடராசர் ஒரு ஸ்தபதியிடம் ஒப்படைக்கப்பட்டார். திரும்பி வந்தது படி. மூலம் கைமாறிப் பம்பாயில் ஒரு தனியார் சேகரிப்பை அடைந்தது. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் டக்ளஸ் பாரெட், முற்காலச் சோழர் செப்புத்திருமேனிகள் பற்றி 1965இல் வெளியிட்ட நூலில், கோயிலில் இருப்பது போலி என்பதைச் சுட்டிக்காட்டினார். 1973இல் அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் அமைப்பு மூலத்தை வாங்கியது. வழக்கு, பேச்சுவார்த்தை, 1976இல் உடன்பாடு என்று நீண்டு, 1986இல் நடராசர் இந்தியா திரும்பினார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கோயிலை ஏமாற்றப் பச்சை தேவைப்பட்டிருக்காது. மண்ணிலிருந்து வந்து பழுது பார்க்கப் போன திருமேனி துலக்கப்பட்டுப் புதுப்பொலிவோடு திரும்பினால், அது இயல்பென்றே ஊரார் கொள்வர். களிம்பு நீங்கியது என்று மகிழவும் செய்வர். களிம்பை மாசென்று கருதும் மரபே அங்கு திருட்டுக்குத் திரையாகியிருக்கக்கூடும். சந்தையை ஏமாற்ற முதுமை வேண்டும். கோயிலை ஏமாற்றப் புதுமையே போதும். பத்தாண்டுக்கு மேல் அந்தப் படியின் முன் விளக்கேற்றிய ஊராரின் வழிபாடு பொய்யா என்றால், இல்லை என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது என்னவோ அது மெய்.

இதற்கு மறுதலையாக, உண்மைக் களிம்பு சாட்சி சொன்ன வழக்கும் உண்டு. 1976இல் பத்தூரில் சிதைந்த சிவன்கோயில் நிலத்தில் கிடைத்த நடராசர் இரகசியமாக விற்கப்பட்டு இலண்டன் சென்றார். 1982இல் இலண்டன் காவல்துறை அத்திருமேனியைக் கைப்பற்றியது. வாங்கிய கனடிய நிறுவனம் அது தன்னுடையது என்று வாதிட்டது. திருமேனி பத்தூருக்கு உரியது என்பதை மெய்ப்பிக்கச் சிற்ப நூலறிஞர் மட்டும் போதவில்லை. உலோகத்தையும், ஒட்டியிருந்த மண்ணையும், அதன்மேல் கறையான் விட்டுச்சென்ற தடங்களையும் ஆராய்ந்த வல்லுநர்களும் சாட்சி கூறினர். 1988இல் உயர்நீதிமன்றமும் 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் இந்தியத் தரப்புக்கே தீர்ப்பளித்தன. அந்த வழக்கில் கோயிலும் ஒரு வாதி. 1991இல் நடராசர் நாடு திரும்பினார். துலக்கி மினுக்கியிருந்தால் அந்த மண்ணும் கறையான் தடமும் வாய்திறந்திருக்க முடியாது.

வேதியியல் வல்லுநர்கள் போலிக் களிம்பை அடையாளம் காண்பதும் இதே அடிப்படையில்தான். செய்த களிம்பு மேற்பரப்பில் பூசியது போல நிற்கும். சுரண்டினால் அடியில் புதிய உலோகம் பளிச்சிடும். மண்ணில் விளைந்த களிம்போ, உலோகப் படிகங்களின் இடைவெளிகளின் வழியே வேர்விட்டு உள்ளிறங்கியிருக்கும். நுண்ணோக்கியில் இந்த வேர்களைக் காணலாம். உள்ளீடற்ற வார்ப்புச் சிலைகளாயின் உள்ளே தங்கிய களிமண்ணைக் கொண்டு வயது கணிக்க முறையுண்டு; நம் திருமேனிகள் பெரும்பாலும் கனவார்ப்பு என்பதால் அந்த வழி இங்கே பயன்படுவதில்லை. ஆதலால் ஈயத்தின் ஓரிடத்தான் விகிதங்களையும் நுண்ணளவுத் தனிமங்களையும் கொண்டு தென்னிந்தியத் திருமேனிகளின் காலத்தையும் மரபையும் பிரித்தறிய ஷாரதா சீனிவாசன் போன்றோர் மேற்கொண்ட ஆய்வுகள் முக்கியத்துவம் பெறுகின்றன.

இதுவரை புதியதைப் பழையதென்று காட்டுவதைப் பார்த்தோம். அண்மைக்காலத் திருட்டுகளில் இது தலைகீழாயிற்று. தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டம் 1972இல் இயற்றப்பட்டது. நூறாண்டுக்குக் குறையாத கலைப்பொருள் அச்சட்டப்படி தொல்பொருள். தனியார் அதை ஏற்றுமதி செய்யவியலாது. ஆகவே கடத்தல்காரர்கள் மெய்யான சோழர் திருமேனிகளைப் புதிய கைவினைப்பொருள் என்று தாளில் எழுதிப் புதிய சிலைகளோடு கலந்து அனுப்பினர். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தானின் நடராசர் அவ்வாறு வெளியேறி, 2008இல் ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்தால் 50 இலட்சம் டாலருக்கு மேல் கொடுத்து வாங்கப்பட்டு, 2014இல் திரும்பினார். அவர் இல்லாதது ஊராருக்கு நெடுநாள் தெரியவில்லை. வழிபாடு நின்று, பூட்டிக் கிடந்த கோயில் அது. கதவைத் திறந்து பார்த்தபோதுதான் களவு வெளிப்பட்டது. கைகள் தொடுவதை நிறுத்திய இடத்தில் களிம்பு மட்டும் வருவதில்லை; கள்வரும் வருகிறார்கள்.

காரைக்கால் மண்ணைப் பற்றிப் பேசும்போது அம்மையாரை நினையாமல் முடிக்க இயலாது. பெரியபுராணம் சொல்லும் கதையில், கணவன் விலகியபின் அவர் தம் இளமையும் வனப்பும் பொருந்திய உடலை உதறிப் பேய்வடிவை வேண்டிப் பெறுகிறார். வேண்டிப் பெற்ற முதுமைக்கு நம் இலக்கியத்தில் இதனினும் கூரிய எடுத்துக்காட்டு இல்லை. அவ்வடிவைச் சோழர்காலச் சிற்பியர் தயங்காமல் வார்த்தனர். தாளமேந்தி அமர்ந்த அம்மையாரின் புகழ்பெற்ற செப்புத்திருமேனி இன்று அமெரிக்காவில் கான்சஸ் சிட்டியின் நெல்சன்-அட்கின்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளது. அந்த முதுமை எவரையும் ஏமாற்றுவதற்காகப் பூண்டதன்று. அவர் தம்மிடமிருந்த ஒன்றை இழந்து அதனைப் பெற்றார். காடியும் உப்பும் தரும் முதுமையில் எவரும் எதையும் இழப்பதில்லை என்பதே இரண்டுக்குமுள்ள தொலைவு.

இதனால் மிதிவண்டி ஆர்வலரைக் குறை கூறுகிறோம் என்று வாசகர்கள் கொள்ள வேண்டாம். பழைய வண்டியை மீண்டும் சாலையில் ஓடவைப்பவர் அதனைக் கைவிடப்பட்ட நிலையிலிருந்து மீட்கிறார். அவ்வகையில் அவர் துருவின் எதிரியே. நம் வேண்டுகோள் ஒன்றே. 1920களில் செய்யப்பட்ட மிதிவண்டிகள் ஒவ்வொன்றாக நூறாண்டை எட்டிக்கொண்டிருக்கின்றன. இன்னும் சில பத்தாண்டுகளில் நம் ஊர்களில் ஓடிய வண்டிகளையும் யாரேனும் ஆராய வருவார்கள். குரோம் பூச்சு வணிக வழக்கிற்கு வந்தது 1920களில். அதற்கு முற்பட்ட வண்டிகளில் நிக்கல் பூச்சே இருந்தது. இத்தகைய சிறு அடையாளங்களைக் கொண்டுதான் அவர்கள் காலத்தைக் கணிக்க வேண்டியிருக்கும். ஆகவே முதுமைப்படுத்திப் பொருத்தும் புதிய உறுப்பின் உட்புறத்தில், வெளியே தெரியாத ஓரிடத்தில், அது செய்யப்பட்ட ஆண்டை உளியால் பொறித்துவிடுங்கள். மேலே எந்த நிறத்தையும் ஏற்றிக்கொள்ளலாம். சிவபுரத்துக்குத் திரும்பிய படியில் அப்படி நான்கு எண்கள் பொறிக்கப்பட்டிருந்தால், ஓர் ஊர் தன் நடராசரைத் தேடத் தொடங்க ஓர் ஆங்கில நூல் வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.